மூன்று பேர், ஒரே மூச்சு

என் மகள் பள்ளிக்கூட பேண்டில் டிராம்போன் வாசிக்கிறாள். நாங்கள் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில். ஐந்தாம் வகுப்புக்குப் போனதும், ஆளுக்கொரு வாத்தியம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். இவள் புல்லாங்குழலோ வயலினோ எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். டிராம்போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அதன் சறுக்குக் குழாயை முழுக்க வெளியே தள்ளினால் ஏழாவது நிலை வரும். அவள் கை அந்த வயதில் ஐந்தாவது நிலையைத் தாண்டவில்லை. கடைசி இரண்டு நிலைகளுக்கும் கை எட்ட மூன்று வருடம் ஆனது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எழுதப்போகிற குழு எனக்கு முதலில் இசைத்தட்டில் அறிமுகமாகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அக்டோபர் குளிரில், பள்ளி மைதானத்தின் இரும்புப் படிக்கட்டில்தான் அறிமுகமானது. ஃபுட்பால் ஆட்டத்தின் நடுவில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த என் மகளின் பேண்ட் திடீரென்று எழுந்து நின்றது. ஐந்து சுரங்கள், மாடிப்படியில் இறங்குவதுபோல ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. மறுபடி அதே ஐந்து. மூன்றாவது சுற்றில் டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் சேர்ந்து மேலிருந்து வெட்டின. என் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரிந்த பாட்டு. எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"என்ன பாட்டுடி அது?"

"ட்வென்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்."

"அப்படின்னா?"

"நாலு மணி ஆக இன்னும் இருபத்தஞ்சு நிமிஷமோ, இருபத்தாறு நிமிஷமோ இருக்குன்னு அர்த்தம்மா. ராத்திரி பூரா தூங்காம ஒருத்தன் பாட்டு எழுதிட்டிருக்கான். கடிகாரம் சரியா தெரியல. அவ்வளவுதான்."

"யாரு பாடினது?"

"சிகாகோ."

ஊர்ப் பெயரைச் சொல்கிறாளா, குழுவின் பெயரைச் சொல்கிறாளா என்று ஒரு நிமிடம் புரியவில்லை. கல்லூரி நாட்களில் 'இஃப் யூ லீவ் மீ நவ்' என்ற காதல் பாட்டைக் கேட்டிருக்கிறேன். 1976-ல் வந்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த பாட்டு. பட்டுத்துணி மாதிரி ஒரு குரல். அதைப் பாடிய சிகாகோவும், மைதானத்தில் என் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்த சிகாகோவும் ஒரே குழு என்று அன்று இரவு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுடைய ஆல்பங்களை முதலாவதிலிருந்து வரிசையாகக் கேட்டேன். மகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வண்டியில் காத்திருக்கும் நேரம் எல்லாம் அதற்கே போனது.

இந்தக் குழுவின் கதையைப் பெரும்பாலும் பாடகர்களை வைத்துச் சொல்கிறார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது இடம், யார் சேர்ந்தார், யார் விலகினார் என்று போகும் அந்தக் கதை. ஊதியவர்களை வைத்துச் சொன்னால் வேறு மாதிரி தெரிகிறது. எனக்கு அந்தக் கதைதான் வேண்டியிருக்கிறது.

சிகாகோ முன்பிருந்தே ஊதுகிற ஊர். 1922-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ரயிலேறி இங்கே வந்து, கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற வாத்தியம்) வாசிப்பவராக உட்கார்ந்தார் லூயி ஆம்ஸ்ட்ராங். இரண்டு பேர் சேர்ந்து ஊதினால் எப்படி இருக்கும் என்பதைக் கேட்க லிங்கன் கார்டன்ஸ் அரங்கத்துக்கு மற்ற இசைக்கலைஞர்களே கூட்டமாக வந்தார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து, 1967 பிப்ரவரியில், அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடத்தில் இருந்தது 'கைண்ட் ஆஃப் எ டிராக்'. அதைப் பாடிய பக்கிங்ஹாம்ஸ் சிகாகோப் பையன்கள். அந்தப் பாட்டிலும் பித்தளை, அதாவது டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுவாத்தியங்கள் உண்டு. ஆனால் அது பாடகருக்குப் பின்னால் நின்று 'ஆமாம், ஆமாம்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கால ராக் பாட்டுகளில் ஊதுபவர்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அதே பிப்ரவரியில், 15-ஆம் தேதி, வால்டர் பாரசேடர் என்ற இளைஞரின் வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். பாரசேடர் டிபால் பல்கலைக்கழகத்தில் கிளாரினெட் படித்தவர். சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் உட்காரவேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. 1966-ல் வந்த பீட்டில்ஸ் ஆல்பத்தில் 'காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்' பாட்டின் டிரம்பெட்டுகளைக் கேட்டபிறகு அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. ஊதுகிறவர்களை வாடகைக்குக் கூப்பிடாமல், குழுவுக்குள்ளேயே, முதல் வரிசையிலேயே நிறுத்தினால் என்ன?

டிபாலில் உடன் படித்த டிராம்போன்காரர் ஜேம்ஸ் பேன்கோவைக் கூப்பிட்டார். டிரம்பெட்டுக்கு லீ லாக்நேன், சாக்ஸபோனுக்கு பாரசேடரே. லாக்நேனின் அப்பாவும் டிரம்பெட் வாசித்தவர். ஏற்கெனவே பாரசேடருடன் வேறு குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த கிட்டார்காரர் டெர்ரி கேத்தும், டிரம்ஸ் வாசிக்கும் டேனி செராஃபினும் வந்தார்கள். ஆர்கனுக்கு ராபர்ட் லாம். புரூக்ளினில் பிறந்து பதினைந்து வயதில் சிகாகோவுக்கு வந்தவர். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. ஆர்கனின் மிதிகட்டைகளைக் காலால் மிதித்தே பேஸ் பகுதியை வாசித்தார் லாம். அந்த வருடக் கடைசியில், வேறு ஒரு குழுவில் இருந்த பீட்டர் செட்டெரா இவர்களைக் கேட்டுவிட்டு வந்து சேர்ந்தார். பேஸும் வந்தது, உச்சஸ்தாயியில் பாட ஒரு குரலும் வந்தது. ஆக ஏழு பேர். பெயர், தி பிக் திங்.

கிளப்களில் மற்றவர்களின் ஹிட் பாட்டுகளை வாசித்துப் பிழைத்தார்கள். சொந்தப் பாட்டை எடுத்தால் கிளப்காரர்களுக்குப் பிடிக்காது. ஆட வந்த கூட்டம் தெரிந்த பாட்டைத்தானே கேட்கும். டிபாலில் பாரசேடருக்கு நண்பராக இருந்த ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ அதற்குள் தயாரிப்பாளர் ஆகியிருந்தார். அவர் 1968-ல் இவர்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். பெயரையும் மாற்றினார்: சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி.

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கவேண்டாம். நாங்கள் தினமும் ஏறும் ரயிலிலும் பஸ்ஸிலும் எழுதியிருக்கும் பெயர் அது. ஊரைவிட்டு இரண்டாயிரம் மைல் தள்ளிப் போன பையன்கள், ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மேடையேறியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு முதலில் கனவில் வருவது பஸ் நம்பர்தான்.

அங்கே விஸ்கி எ கோ கோ கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கேட்க வந்தாராம். நிகழ்ச்சி முடிந்ததும் பாரசேடரின் தோளைத் தட்டி, உங்கள் ஊதுகிற ஆட்கள் மூன்று பேருக்கும் ஒரே நுரையீரல் இருக்கிறது, உங்கள் கிட்டார்காரன் என்னைவிட நன்றாக வாசிக்கிறான் என்று சொன்னாராம். பாரசேடர் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. ஊரில் பலரும் இரண்டாவது பாதியைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். ஹென்ட்ரிக்ஸ் வாயால் அப்படி ஒரு பாராட்டு வந்தால் வேறு எது காதில் விழும்? ஆனால் எனக்கு முதல் பாதிதான் முக்கியம். ஒரே நுரையீரல்.

வீட்டில் டிராம்போன் பயிற்சி நடப்பதால் இது கொஞ்சம் தெரியும். மூன்று பேர் ஒரே சுரத்தை ஒரே நொடியில் ஆரம்பிப்பது கடினம். அதைவிடக் கடினம் ஒரே நொடியில் நிறுத்துவது. அதற்கும் முன்னால் மூன்று பேரும் ஒரே இடத்தில் மூச்சை இழுக்கவேண்டும். ஒருவர் அரை நொடி முந்தி இழுத்தால் அவருடைய சுரம் முந்திக்கொள்ளும். இருபது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் தப்பினால் மறைந்துவிடும். மூன்று பேரில் ஒருவர் தப்பினால் வீட்டின் மூன்று தூண்களில் ஒன்று சாய்ந்த மாதிரி. சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டுக்கு (chord) மூன்று சுரம் வேண்டும், இருப்பதும் மூன்றே பேர். ஓய்வு எடுக்க யாருக்கும் இடம் இல்லை.

பேன்கோ இவர்களுக்கு எழுதிய விதமும் தனி. பித்தளைப் பகுதியை இன்னொரு பாடகராக நினைத்து எழுதினார். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் பித்தளை பேச ஆரம்பிக்கும். அது பாடகர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாது, சொல்லாமல் விட்டதைச் சொல்லும். வழக்கமாக அடியில் கிடந்து முனகும் டிராம்போன் இங்கே மேலே ஏறி, டிரம்பெட்டுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் சிகாகோவின் ஊதல் வேறு யாருடையதைப்போலவும் இருப்பதில்லை. கூர்மையும் இருக்கும், அடிவயிற்றுச் சத்தமும் இருக்கும். ஸ்டுடியோவில் தங்கள் பகுதியைத் தாங்களே மறுபடி வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து தடிமனாக்குவதும் உண்டு.

முதல் ஆல்பத்தை 1969 ஜனவரியில் நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோ அனுபவம் இல்லாத பையன்கள். கையில் இருந்த பாட்டுகளோ ஒரு தட்டுக்குள் அடங்கவில்லை. புதுக் குழுவுக்கு இரட்டைத் தட்டு போட எந்த நிறுவனமும் யோசிக்கும். தங்களுக்கு வரவேண்டிய ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதைச் சாதித்தார்கள். ஏப்ரலில் வெளிவந்த அந்த ஆல்பம் பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியலில் 171 வாரம் இருந்தது. கணக்குப் போட்டால் மூன்று வருடத்துக்கு மேல்.

அதன் முதல் பாட்டுக்கு 'இன்ட்ரொடக்‌ஷன்' என்றே பெயர். கேத் எழுதியது. ஆறரை நிமிடம். பித்தளை ஓங்கி அடித்துவிட்டு, தாளம் மாறி, வேகம் குறைந்து, டிராம்போன் தனியாகப் பேசி, டிரம்பெட் தனியாகப் பேசி, கிட்டார் புகுந்து, மறுபடி எல்லாரும் சேர்ந்து வந்து இறங்குவார்கள். நாங்கள் யார் என்று ஏழு பேரும் ஒவ்வொருவராக வந்து கைகூப்பிச் சொல்வதுபோல இருக்கும். முதல்முறை கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

அதே ஆல்பத்தில் ஊரும் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட இளைஞர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. 'உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது' என்று அந்தக் கூட்டம் போட்ட கோஷத்தின் ஒலிப்பதிவை அப்படியே எடுத்து 'சம்டே' பாட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோஷத்தின் தாளத்திலிருந்து பாட்டு கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இன்று குழந்தைகளோடு நாங்கள் நடைபோகிற கிராண்ட் பார்க் பகுதியில் நடந்தது அது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நிஜமான போக்குவரத்துக் கழகம் வழக்குப் போடுவோம் என்று சொன்னதால் பெயரைச் சுருக்கி வெறும் 'சிகாகோ' ஆக்கிக்கொண்டார்கள். நஷ்டம் போலத் தோன்றும். பஸ்ஸை விட்டுக்கொடுத்து ஊரையே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆல்பம் 1970 ஜனவரியில். அதிலும் இரண்டு தட்டு. அதில்தான் லாம் எழுதிய, என் மகள் மைதானத்தில் ஊதிய பாட்டு இருக்கிறது. அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது. பாடியவர் செட்டெரா. அதற்கு முந்தைய வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் பேஸ்பால் பார்க்கப் போன இடத்தில் சிலர் அவரை அடித்து, தாடை மூன்று இடத்தில் உடைந்து, கம்பி போட்டுக் கட்டவேண்டி வந்தது. வாயை அதிகம் திறக்காமல் பாடும் அந்தப் பாணி அப்போது வந்ததுதான். பாட்டின் நடுவில் கேத்தின் கிட்டார் அழுது அலறி ஓயும்வரை பித்தளை காத்திருக்கும். மறுபடி அந்த ஐந்து படி. இந்தப் பாட்டு ஏன் பள்ளி பேண்டுகளில் இன்னும் வாழ்கிறது என்று யோசித்திருக்கிறேன். பாடகரை எடுத்துவிட்டாலும் பாட்டு முழுசாக நிற்கிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது பேன்கோவின் 'பாலே ஃபார் எ கேர்ள் இன் புக்கானன்' என்ற தொகுப்புக்கு. ஏழு பகுதிகள், ஏறத்தாழ பதின்மூன்று நிமிடம். பிரிந்துபோன காதலியை நினைத்து எழுதியது. மேற்கு வர்ஜீனியாவில் பக்ஹானன் என்ற சிற்றூரில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தார். தலைப்பில் அந்த ஊரின் எழுத்து கொஞ்சம் மாறிவிட்டது. 'மேக் மீ ஸ்மைல்' என்று தொடங்கி, நடுவில் 'கலர் மை வேர்ல்டு' என்று அடங்கி, கடைசியில் மறுபடி முதல் பாட்டுக்கே திரும்பும். அடங்கும் இடத்தில் பித்தளை எல்லாம் மௌனமாகி, பாரசேடரின் புல்லாங்குழல் மட்டும் வரும். கேத் அடிக்குரலில் சில வரிகள் பாடுவார். அவ்வளவு சத்தம் போட்டவர்கள் இப்படியும் அடங்குவார்களா என்று இருக்கும். வானொலிக்காக இந்தத் தொகுப்பை வெட்டி ஒட்டி ஒரு சின்னப் பாட்டாக்கினார்கள். காரில் போகும்போது வானொலியில் அதைக் கேட்டுத்தான் தன் பாட்டு ஹிட் ஆகிறது என்று பேன்கோவுக்கே தெரிந்ததாம்.

1971 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒரு வாரம் வாசித்தார்கள். அதை நான்கு தட்டுகளாக வெளியிட்டார்கள். பேன்கோவுக்கு அந்தப் பதிவு பிடிக்கவே இல்லை. ஊதல் எல்லாம் விளையாட்டுக் குழல்போல மெலிந்து கேட்கிறது என்றார். அவர் சொல்வது சரிதான். வயலினுக்கும் பியானோவுக்கும் என்று கட்டிய அரங்கத்தில் மின்சாரக் கிட்டாரும் பித்தளையும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் அந்த நான்கு தட்டையும் முழுசாகக் கேட்டேன். தப்பும் களைப்பும் சேர்ந்த அந்தச் சத்தத்தில் ஒரு வாரம் முழுக்க ஊதிய உதடுகள் தெரிகின்றன.

அந்த வருடங்களில் இந்த வட்டாரத்தில் ஊதியவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. சிகாகோவை ஒட்டிய பெர்வினில், பள்ளித் தோழர்கள் சேர்ந்து நடத்திய ஐட்ஸ் ஆஃப் மார்ச் குழுவும் பித்தளையைச் சேர்த்துக்கொண்டது. 1970-ல் அவர்களுடைய 'வெஹிகிள்' இரண்டாம் இடம் வரை போனது. பதிவு நாடாவில் சில நொடிகள் தவறுதலாக அழிந்துபோய், அதற்கு முன் வாசித்த பதிவிலிருந்து வெட்டி ஒட்டிய பாட்டு அது. எழுதிப் பாடிய ஜிம் பீட்டரிக்குக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. பெர்வின் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தத் தெருக்களில் போகும்போது அந்தப் பாட்டின் முதல் ஊதல் தானாக மனசுக்குள் கேட்கிறது. இன்னொருவர் பில் சேஸ். பெரிய ஜாஸ் குழுக்களில் முதன்மை டிரம்பெட் வாசித்தவர். நான்கு டிரம்பெட்டுகளை வைத்து ஒரு ராக் குழு ஆரம்பித்தார். 1974 ஆகஸ்டில் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் மினசோட்டாவில் சிறுவிமானம் விழுந்து, அவரும் குழுவில் மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

சிகாகோ மேலே மேலே போனது. 1972-ல் வந்த ஐந்தாவது ஆல்பத்திலிருந்து 1975-ன் ஒன்பதாவது வரை, ஐந்தும் தொடர்ந்து முதலிடம். ஆல்பங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அட்டையில் பெரும்பாலும் முகம் கிடையாது, 'சிகாகோ' என்ற வளைந்த எழுத்துதான். ஒருமுறை மரத்தில் செதுக்கினமாதிரி, ஒருமுறை சாக்லேட் கட்டியின்மேல் அச்சிட்டமாதிரி. பத்தாவது ஆல்பத்தின் அந்தச் சாக்லேட் அட்டைக்கு கிராமி விருதே கிடைத்தது. இத்தனை லட்சம் பேர் வாங்கிய குழுவின் ஆட்கள் கடைத்தெருவில் நடந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. மூன்று ஊதல்காரர்களும் மூன்று பாடகர்களும் சமமாக நிற்கும் குழுவுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

'சாட்டர்டே இன் தி பார்க்' 1972-ல் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் அது எங்கள் பார்க் என்று சொல்வார்கள். லாம் அதை எழுதியது நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்துவிட்டு. இருக்கட்டும். ஜூலை மாதம் ஏரிக்கரையில் அந்தப் பாட்டைக் கேட்டால் யாரும் நியூயார்க்கை நினைக்கமாட்டார்கள்.

செட்டெரா பாடிய மெல்லிய பாட்டுகள் ஏற ஏற, குழு என்றாலே அதுதான் என்று ஆக ஆரம்பித்தது. 1977-ல் குவெர்சியோவைவிட்டுப் பிரிந்தார்கள். அடுத்த வருடம் ஜனவரி 23-ஆம் தேதி டெர்ரி கேத் போய்விட்டார். நண்பர் வீட்டில் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குண்டு இல்லை என்று நினைத்தார். 32 வயது நிரம்ப எட்டு நாள் இருந்தது.

குழுவின் குரல்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது கேத்தின் கரகரத்த குரல். அவர் ஒருவர்தான் பித்தளைக்குச் சமமாக நின்று பாடக்கூடியவர் என்று எனக்குத் தோன்றும். ஊதலுக்கு எதிரில் மெல்லிய குரலை வைத்தால் ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். கேத் பாடும்போது எதையும் குறைக்கவேண்டியதில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்த அந்த நாட்களில், தொடர்ந்து வாசியுங்கள் என்று தைரியம் சொன்னவர் டாக் செவரின்சன். அவரும் டிரம்பெட்காரர்தான். அந்த வருடம் வந்த ஆல்பத்துக்கு எண் வைக்கவில்லை, 'ஹாட் ஸ்ட்ரீட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அட்டையில் முதல்முறையாக ஆட்களின் முகங்கள் பெரிதாக வந்தன. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இல்லாத ஒரு முகம்தான் முதலில் தெரிகிறது.

அதற்கு அப்புறம் இறங்குமுகம். இரண்டு ஆல்பங்கள் விற்கவில்லை, பழைய நிறுவனம் கைவிட்டது. 1982-ல் டேவிட் ஃபாஸ்டர் என்ற தயாரிப்பாளர் வந்து 'சிகாகோ 16' ஆல்பத்தில் அவர்களைத் தூக்கி நிறுத்தினார். 'ஹார்ட் டு சே ஐ'ம் சாரி' முதலிடம். பியானோவும் சின்தசைசரும் செட்டெராவின் குரலும். ஆல்பத்தில் அந்தப் பாட்டு முடியும் இடத்தில், 'கெட் அவே' என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் பித்தளை திடீரென்று பாய்ந்து வரும். வீட்டு விசேஷத்தில் கடைசிப் பந்தியில் உட்காரவைக்கப்பட்ட பெரியவர்கள் மாதிரி. நான் அந்தப் பாட்டை அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

1984-ன் 'சிகாகோ 17' இன்னும் அதிகம் விற்றது. மறுவருடம் செட்டெரா விலகிப் போனார். 1988-ல் வந்த 'லுக் அவே' அதற்கடுத்த வருடத்தின் பில்போர்டு ஆண்டுப் பட்டியலிலேயே முதல் பாட்டு. அதில் ஊதுபவர்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். அப்போது பேன்கோவும் லாக்நேனும் பாரசேடரும் குழுவில்தான் இருந்தார்கள். தங்கள் குழுவின் மிகப் பெரிய வெற்றி மேடையில் ஒலிக்கும்போது, வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எப்படி இருந்திருக்கும்? பணம் வந்தது, பேர் வந்தது, அதெல்லாம் சரி. என்னால் அதை வெற்றி என்று முழு மனசோடு எழுத முடியவில்லை.

1993-ல் ஊதலை மறுபடி முன்னால் கொண்டுவந்து 'ஸ்டோன் ஆஃப் சிசிஃபஸ்' என்று ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள். நிறுவனம் வெளியிட மறுத்துவிட்டது. பதினைந்து வருடம் கழித்து, 2008-ல்தான் வந்தது. 2016-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 1990-ல் குழுவைவிட்டு வெளியேற்றப்பட்ட செராஃபின் அந்த இரவு மறுபடி அவர்களோடு உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். செட்டெரா வரவில்லை.

ஒரு கோடையில் மகளையும் அவளுடைய பேண்ட் தோழிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவர்களை நேரில் கேட்கப் போனேன். திறந்தவெளி. நாங்கள் பின்னால் புல்லில் உட்கார்ந்திருந்தோம். லாம், லாக்நேன், பேன்கோ மூவரும் இருந்தார்கள். பாரசேடர் 2017-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் ரே ஹெர்மன் சாக்ஸபோன் வாசித்தார். பேன்கோவுக்கு எழுபது வயதுக்கு மேல். மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே ஊதினார். டிராம்போனின் சறுக்குக் குழாயைக் கூட்டத்துக்கு நேராக நீட்டி நீட்டி வாசித்தார். மெல்லிய பாட்டுகள் வந்தபோது எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கைகோத்துக்கொண்டு ஆடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. இடையில் 'மேக் மீ ஸ்மைல்' ஆரம்பித்து, நிறுத்தாமல் அந்தத் தொகுப்பு முழுவதையும் வாசித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் எழுந்து நின்றார்கள். யாரும் ஆடவில்லை. மூன்று பேரும் மேடையில் ஊதிய மூன்று பேரின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தியாம்மா?" என்று என் காதில் சொன்னாள். "தோள் ஒண்ணா ஏறுது. ஊதறதுக்கு முன்னாடியே."

கடைசிப் பாட்டாக அந்த ஐந்து படி வந்தது. பெண்கள் மூவரும் வாயால் தங்கள் பகுதியைப் பாடிக்கொண்டே குதித்தார்கள்.

போன வாரம் அந்தத் தோழிகள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி டிரம்பெட், ஒருத்தி டெனர் சாக்ஸபோன். வசந்தகால நிகழ்ச்சியில் மூன்று பேராக வாசிக்க 'மேக் மீ ஸ்மைல்' பாட்டின் ஊதல் பகுதியை எடுத்திருக்கிறார்கள். கராஜில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, மூன்று ஸ்டாண்டை வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். தேநீர் கொண்டு போனபோது பார்த்தேன். மூன்று தாளிலும் ஒரே இடங்களில் பென்சிலால் சின்னக் காற்புள்ளி போட்டிருந்தார்கள். மூச்சு எடுக்கவேண்டிய இடம். ஓர் இடத்தில் மட்டும் என் மகளின் தாளில் காற்புள்ளி ஒரு சுரம் தள்ளி இருந்தது. டிரம்பெட்காரப் பெண் எட்டிப் பார்த்து, ரப்பரை எடுத்து அதை அழித்து, சரியான இடத்தில் போட்டாள். "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணினார்கள். நான்கை யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மூன்று பேரும் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.